ரன்வேயில் கருடன்

புத்தலப்பட்டு ஊரைத் தாண்டி மாந்தோப்புகளுக்கு நடுவே இருந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் யதிராஜுக்குப் பறவை விரட்டும் வேலை. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ரன்வே ஓரம் நின்று, மேலே எது வட்டமிட்டாலும் வெடி போட்டுக் கலைக்க வேண்டும்.

திருப்பதியில் இருக்கும் அண்ணன் தோதாத்ரியிடம் மட்டும் "ஆபீசர்" என்று சொல்லிவைத்திருந்தான். அண்ணனுக்குக் கோயில் கைங்கரியம். அப்பாவின் இடம் மூத்தவருக்குப் போனது. இளையவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. யதிராஜின் மனைவி நீரஜா அந்த வீட்டுப் பின்கட்டில், மன்னி கண் பார்த்துச் சோறு போட, காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் உண்டு. அவளை அழைத்து வந்துவிடலாம்.

"இந்த மாசம் ஆர்டர் வந்துடும். ஆனா ஒக்க பட்சி மோதினாலும் அந்தே. மூட்டை கட்டிக்கோ," என்று தெலுங்கு கலந்து சொல்லியிருந்தார் மேனேஜர் முரளிதரன்.

காக்கா, மைனா, கொக்கு எல்லாவற்றையும் கூசாமல் விரட்டுவான். கருடன் வந்தால்தான் கை ஓடாது. செம்மண் நிறச் சிறகும் வெள்ளைக் கழுத்துமாக அது வட்டமிட்டால், கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்மூடிக் கும்பிடுவது நடை பழகும்போதே பழகியது. அந்த நேரங்களில் ஜீப் டிரைவர் இஸ்மாயில்தான் வெடியை வாங்கிக்கொள்வான்.

"இன்னா சாமி, உன் ஆளு வந்துக்கினு கீறாரு. நீ கும்புடு, நான் கொளுத்துறேன்."

"சத்தமில்லாம விரட்டேன்டா."

"சத்தமில்லாத வெடி எந்தக் கடையில விக்கிறான், சொல்லு. வாங்கியாறேன்."

அன்று விஷ்ணுப்ரியா என்ற மாணவி முதல் தடவையாகத் தனியே பறந்தாள். அப்படிப் பறந்து இறங்குபவர்கள் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டிக் கொண்டாடுவது அங்கே வழக்கம். தண்ணீர் பிடிக்க இஸ்மாயில் போயிருந்தான்.

விமானம் தாழ்ந்து வந்தது. அதற்கு முன்னால், சிறகே அசைக்காமல், கருடன்.

யதிராஜின் கையில் வெடி இருந்தது. ஆனால் வலது கை கன்னத்துக்குப் போனது. கண் மூடியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். டப்பென்று ஒரு சத்தம்.

விமானம் குலுங்கி இறங்கியது. முன் கண்ணாடியில் விரிசல், அவளுக்குக் காயமில்லை. கீழே இறங்கியவள் விரிசலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். விரிசலோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். யதிராஜ் தன் துண்டில் கருடனைச் சுற்றி எடுத்துப்போய் மாந்தோப்பு ஓரம் புதைத்தான்.

முரளிதரன் கேமராப் பதிவை ஓட்டிக் காட்டினார். "ஏமய்யா, வெடி கையில இருக்கு, கும்பிட்டுக்கினு நிக்கறே! அர்ச்சகர் வேலைக்கா உன்னை வச்சேன்?"

"கருடன் சார்..."

"சரி, அந்தக் கருடன்கிட்டயே போய் வேலை கேளு."

அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்து அண்ணனுக்குப் போன் செய்தான். அழுகையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"கருடனைக் கொன்னுட்டு ஆத்துக்கு வரேங்கறியா?"

"நான் கொல்லலை அண்ணா. சேவிச்சேன்."

"அதை விரட்டறதுக்குத்தானேடா உன்னை வச்சிருக்கா? ஆபீசராம், ஆபீசர்! நான் பெருமாள் வாகனத்தைத் தொடறவன். பிராயச்சித்தம் பண்ணாம இந்தப் படி ஏறாதே."

நீரஜா போனை வாங்கினாள். பக்கத்தில் மன்னி இருக்க வேண்டும்; குரல் தணிந்திருந்தது.

"சேவிச்சேளா, வெடிச்சேளா?"

"சேவிச்சேன்."

"வெடிச்சிருந்தா அது பொழைச்சிருக்கும். நானும் பொழைச்சிருப்பேன்."

வைத்துவிட்டாள்.

இஸ்மாயில் ஜீப்பில் கொண்டுவந்து புத்தலப்பட்டு பஸ் நிறுத்தத்தில் விட்டான். "எங்க போவ சாமி?" என்றான். யதிராஜ் இறங்கிக்கொண்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

திருப்பதி பஸ் வந்தது, நின்றது, போனது. யதிராஜ் உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழவில்லை. மேலே இன்னொரு கருடன் பெரிய பெரிய வட்டமாகச் சுற்றியது. கீழே எதையோ தேடுவதுபோல. தக்காளிக் கூடையோடு நின்ற பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கும்புட்டுக்கோ நைனா. நல்லது நடக்கும்."

வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்துக் கீழே இழுத்து, மடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.