நாற்பத்து மூன்றாம் தலைப்பு

உடற்கூறியல் வாய்மொழித் தேர்வுக்கு ராலிஸா வருவது இது மூன்றாம் முறை. இதிலும் தோற்றால் மருத்துவக் கல்லூரிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். முந்தைய இரண்டு முறையும் பாடம் தெரிந்திருந்தது, வாய்தான் திறக்கவில்லை. தேர்வு தண்ணீர் போலத் தடையின்றி வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று, ஊர் வழக்கப்படி அம்மா காலையில் வாசலில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். மாடி வீட்டுக்காரர்தான் வழுக்கிக்கொண்டு போனார்.

பதற்றத்துக்கு ராலிஸா ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தாள். தேர்வுக்குரிய அறுபது தலைப்புகளையும் தன் குரலிலேயே வாசித்து, கைபேசியில் பதிந்து, ஓயாமல் கேட்பது. அறுபது என்பது பேச்சுக்கு. உள்காதைப் பற்றிய நாற்பத்து மூன்றாவதை அவள் பதியவே இல்லை. பேராசிரியர் கர்ஜிலோவின் பாடநூலில் அது அரைப் பக்கம். எழுதியவரே உள்ளே போய் வழி தெரியாமல் ஓடிவந்துவிட்டது போலிருக்கும்.

தாழ்வாரத்தில், கண்ணாடி ஜாடிகளில் ஊறும் உறுப்புகளுக்கு நடுவே மாணவர்கள் காத்திருந்தார்கள். ஜாடிக்குள் இருந்தவர்கள்தான் கொஞ்சம் நிம்மதியாகத் தெரிந்தார்கள்.

"ஏய் ராலி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. உன்னையும் தூக்கி ஜாடியில போட்டுருவாங்க," என்றான் உடன் படிக்கும் பொய்கோ.

"உன் கையப் பாருடா மொதல்ல. விசிறி மாதிரி ஆடுது."

அவள் காதில் ஓடிக்கொண்டிருந்த பதிவில் நாற்பத்திரண்டாவது முடிந்தது.

"நாற்பத்து மூன்று. உள்காது," என்றது அவள் குரல்.

கைபேசியை எடுத்துப் பார்த்தாள். பதிவு நின்றிருந்தது. குரல் நிற்கவில்லை. இரண்டரைச் சுற்று நத்தை எலும்பு, மூன்று அரைவட்டக் குழல்கள் என்று சொல்லிக்கொண்டே போயிற்று. துளி நடுக்கமில்லை. அப்படியொரு குரல் அவளுக்குப் பிறந்ததிலிருந்து இருந்ததில்லை. காதிலிருந்த கருவியைப் பிடுங்கினாள். அப்போதும் கேட்டது.

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பேராசிரியர் தமது நூலின் ஏழு பதிப்புகளையும் மேசையில் அடுக்கி அவற்றுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார். எதிரே தலைப்பு எண் எழுதிக் கவிழ்த்து வைத்த சீட்டுகள்.

"எடுங்க, சகா."

மாணவர்களைச் சகா என்பது அவருடைய பெருந்தன்மை. அந்தச் சகாக்களில் பாதிப்பேர் தோற்றுத்தான் வெளியே போவார்கள்.

நாற்பத்து மூன்று வந்தது.

அவள் நாக்கு கட்டையாகிவிட்டது. ஆனால் வாய் திறந்தது, குரல் வந்தது. குழல்களுக்குள் திரவம் அசைவதையும், அசையாமல் நிற்பவனுக்குச் சுவர்கள் ஏன் சுழல்கின்றன என்பதையும் நிதானமாகச் சொல்லிற்று. அவளுடைய உதடுகள் யாரோ இரவல் வாங்கியவை போல அசைந்தன.

"இதற்கு மேல் பாடநூலில் இல்லை," என்று முடித்தது குரல். "எழுதியவர் மாணவராக இருந்தபோதே இந்தத் தலைப்பைப் படிக்காமல் தாண்டிப் போனவர். அன்று அவருக்கும் உள்ளங்கை வேர்த்தது."

பேராசிரியரின் பேனா நின்றது. அவர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு கேள்வி. தொடையெலும்பு."

அவள் காத்திருந்தாள். குரல் வரவில்லை. இப்போதும் பேசாவிட்டால் எல்லாம் முடிந்தது.

"தொ... தொடையெலும்பு, ப்ரொஃபஸர்... உடம்புலயே... இருங்க, மொதல்லேருந்து சொல்றேன்..."

அவள் திக்கத் திக்கப் பேராசிரியரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "ம், இப்பத்தான் மாணவி மாதிரி இருக்கு," என்று அவளுடைய மதிப்பெண் புத்தகத்தில் ஆறுக்கு நான்கு போட்டார். தேறிவிட்டாள்.

புத்தகத்தை நீட்டியவர் அதிலிருந்து தன் கையை எடுக்கவில்லை. கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"முன்னாடி பேசினது யாரு?"

"தெரியல, ப்ரொஃபஸர்."

"வியாழக்கிழமை கல்விக்குழு முன்னால எனக்கு ஒரு உரை இருக்கு. தூக்கமே வரல. அது வருமான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க, சகா."

அவள் பதில் சொல்வதற்குள் பேராசிரியரின் வாய் மறுபடி திறந்தது.

"வியாழன் வரை எதற்கு?" என்றது அதே குரல், துளி நடுக்கமில்லாமல்.

அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ராலிஸா புத்தகத்தை உருவிக்கொண்டு வெளியே ஓடினாள். முழங்கால்கள் தடதடவென்று ஆடின. அவை தன்னுடையவைதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.