அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள்

"நிறுத்து, ஹல்லா. நிறுத்துன்னு சொல்றேன்ல!"

ஹல்லா பிரேக்கை மிதித்தாள். காலையிலிருந்து இதே பாடு. பக்கத்து இருக்கையில் ஊல்ஃபர் ஜன்னல் கண்ணாடியை இறக்க, கடற்காற்று உள்ளே புகுந்து பின்னிருக்கையிலிருந்த பிரேசில் தம்பதியை நடுங்க வைத்தது. பாசி மூடிய எரிமலைப் பாறையொன்றைக் காட்டி ஆங்கிலத்தில் என்னவோ சொன்னான். இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

"என்ன கதை விட்டே?"

"விடியறதுக்குள்ள வீட்டுக்குப் போக மறந்து கல்லாப் போன பூதம்னு."

"போன வாரம் இதே கல்லு பாதிரியார்னியே!"

"போன வாரம் வந்தவங்க ஜெர்மன்காரங்க. அவங்களுக்குப் பாதிரியார் போதும்."

இதய மருத்துவர் அவனை வண்டி ஓட்டக் கூடாதென்று சொன்னதிலிருந்து, சுற்றுலா வழிகாட்டியான புருஷனுக்கு ஹல்லாதான் ஓட்டுநர். மீன் ஆலையில் கத்தி பிடித்தே காலம் தள்ளியவளுக்கு, கல்லைக் காட்டிக் கதை விடுவதெல்லாம் ஒரு பிழைப்பாகவே தோன்றியதில்லை. இன்று காலை அவன் முகம் வெளிறியிருந்தது. பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்றாள். "அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க" என்று பூட்ஸை மாட்டிக்கொண்டான்.

கருமணல் கடற்கரைக்கு மேலே வண்டி நின்றதும் அவன் இறங்கவில்லை.

"நீ கூட்டிட்டுப் போ. நான் இப்படியே காபி குடிச்சிட்டு இருக்கேன்."

"எனக்கு என்ன தெரியும்?"

"கல்லு. கடல். வேற என்ன இருக்கு?"

"அதச் சொல்லத்தான் நாள் பூரா தொண்டைத்தண்ணி வத்தக் கத்தறியா?"

"அந்தப் பொம்பள மேல ஒரு கண்ணு வையி. அது அலைகிட்டப் போற ஆளு."

"வாய மூடிட்டுக் கொஞ்ச நேரம் உக்காரு" என்று கதவை அறைந்து சாத்தினாள்.

அவன் சொன்னபடியே ஆயிற்று. அந்தப் பெண் கடலுக்கு முதுகைக் காட்டிச் சிரித்தாள்; கணவன் படம் எடுத்தான். பின்னால் ஓசையின்றி ஒரு பெரிய அலை எழுந்தது. ஹல்லா பாய்ந்து அவள் சட்டைக் காலரைப் பிடித்து மேட்டுக்கு இழுத்தாள். முழங்கால் வரை நனைந்து, ஊல்ஃபருக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவையெல்லாம் அவள் மேல் கொட்டினாள். பிறகு, அறிவிப்புப் பலகையில் பார்த்துப் பழகிய ஒரே ஆங்கில வாக்கியத்தைச் சொன்னாள்: அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள்.

அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஹல்லா அவர்களுக்கு முன்னால் மேடேறினாள். இதை ஊல்ஃபரிடம் சொன்னால், அடுத்த வாரமே அவன் கதையில் அலை தேவாலயக் கோபுர உயரத்துக்கு வளர்ந்துவிடும்.

"கேட்டியா, உன் விருந்தாளி பண்ணின காரியத்த…" என்று வண்டிக் கதவைத் திறந்தாள்.

அவன் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்திருந்தான். மடியில் காபி கொட்டியிருந்தது.

"ஊல்ஃபர்."

கன்னத்தைத் தட்டினாள். மூக்கருகே கை வைத்தாள். கழுத்தில் விரலை வைத்தாள், வைத்தபடியே நின்றாள். பிறகு அவசர எண்ணை அழைத்தாள்.

"இல்ல, மூச்சு இல்ல… கை சில்லிட்டுப் போச்சு. ஆம்புலன்ஸ அனுப்புங்க, நானும் வண்டில எதிர்ல வர்றேன்."

மூச்சிரைக்க மேடேறி வந்த பிரேசில்காரன் ஊல்ஃபரைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து மனைவிக்குச் சைகை காட்டினான். இருவரும் பூனைபோல ஏறி, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஹல்லா ஊல்ஃபரின் மார்புக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள். வண்டியை எடுத்தாள். வளைவுகளில் வலக்கையை நீட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் அவர்கள் தங்கள் மொழியில், அவன் தூக்கம் கலையாதபடி, கிசுகிசுத்துக்கொண்டே வந்தார்கள்.