பச்சைக் கதவின் தேய்ந்த சாவி

சாவிக்காரரின் கடைப் பின்சுவரில் ஒரு வியாழக்கிழமை மதியம் பச்சைக் கதவு ஒன்று முளைத்தது. சுவருக்கு அப்பால் இருந்தது தையற்கடை; அந்தப் பக்கம் வழக்கம்போல் சட்டைகள் மட்டுமே தொங்கின. சாவிக்காரர் கதவில் ஆணியடித்து நாட்காட்டியை மாட்டிக்கொண்டார். அதே வாரம் தெருவில் பொருள்கள் காணாமற்போயின: தையற்காரரின் கத்தரிக்கோல், தபால்காரரின் மிதிவண்டி மணி, கடைசியாகச் சலவைக்கடைப் பூனை.

சாவிக்காரருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளைப் பள்ளியில் ‘அரம்’ என்பார்கள். கையும் கூர்மை, வாயும் கூர்மை. இளையவன் எந்நேரமும் பூதக்கண்ணாடியோடு திரிந்ததால், தையற்காரர் அவனைத் துப்பறிவாளர் ஐயா என்று எழுந்து நின்று வணங்குவார். பூனையின் மண்தடம் பச்சைக் கதவின் அடியில் நுழைந்து மறைவதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். கேட்பாரற்ற சாவிகள் கிடந்த டப்பாவைக் கதவருகே கொண்டுபோனபோது, ஒன்று மட்டும் வெதுவெதுப்பானது. தேய்ந்து ஒடியும் நிலையில் இருந்த அந்தச் சாவிக்கே கதவு திறந்தது. உள்ளே வெயில் விழும் படிக்கட்டு கீழே இறங்கியது; ஆழத்தில் மணி ஒலித்தது.

“நான் போய்த் தூக்கிட்டு வரேன். கதவச் சாத்திக்கோக்கா, பூனை ஓடிரும். தட்டினா திற” என்றான் தம்பி.

சாத்தியதும் கதவு தானே பூட்டிக்கொண்டது. இருந்த ஒரே சாவியும் ஒடிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அவள் புதிதாக ஒன்றை வெட்டினாள். தேய்ந்த சாவிக்குப் புதியது வெட்டியானதும், பழையது யார் கையிலும் சிக்காதபடி அதன் பல்லை அரத்தால் ராவித் தேய்த்து எறிவது அந்தக் கடையின் வழக்கம். மனம் விழித்துக்கொள்ளும் முன் கை அதைச் செய்து முடித்திருந்தது.

தம்பி தட்டினான். புதிய சாவி நுழைந்தது, திரும்பவில்லை. அச்சு அசலாக அதே பற்கள்தான். கதவுக்கு அதைத் தெரியவில்லை.

“விளையாடாதக்கா. பூனை கீறுது.”

“இருடா, இதோ ஆச்சு.”

சாவிக்காரர் கதவையொட்டிச் சுவரை இடித்தார். தையற்கடைச் சட்டைகள்தாம் தெரிந்தன. சுவரைத் திரும்பக் கட்டினார். மகளை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்று அவள் பல ஆண்டுகள் நினைத்தாள். அம்மா கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தே முதுமையடைந்தாள். இருவரும் காலமான பின் கடை அவளுடையதாயிற்று. வாடிக்கையாளர் இல்லாத வேளைகளில் ஒரு சாவி வெட்டிப் பார்ப்பாள். திரும்பாத சாவிகள் மூட்டைகளாயின. பழைய சாவிகளை அவள் ராவுவதே இல்லை. தட்டும் ஓசைக்கு வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்ப்பதுமில்லை. தையற்காரரின் பேரனும் கடையைவிட்டுப் போகும்போது, கதவைப் பார்த்து, “துப்பறிவாளர் ஐயா, வரேங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

உள்ளே இன்னும் அதே மதியம். தம்பிக்குப் பசி வரவில்லை, பூனைக்கும் வரவில்லை.

அவள் தலைமுடி முழுவதும் நரைத்த ஆண்டில் ஒருநாள் தம்பி கேட்டான்.

“அக்கா, உன் குரல் ஏன் அம்மா மாதிரி இருக்கு?”

அரம் அவள் கையில் நின்றது.

“சளிடா.”

“அப்போ வெந்நீர் குடி. நான் இருக்கேன்.”

அவள் வெந்நீர் வைத்துக் குடித்துவிட்டு, அடுத்த சாவியை எடுத்தாள்.