ஏழு பேருக்கு வாழ்க்கைப்பட்டவள்

ஆரோக்கியநாதன் தரக்கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார். அது யாருடைய விருப்பம் என்பதைத் தொழிற்சாலையில் யாரும் வெளியே சொல்லவில்லை. அன்றோடு தொழிற்சாலைக்கு நிம்மதி வந்தது, பங்குக் கோயிலுக்கு அது போயிற்று.

பல்சக்கரத்தில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்து ஒரு லாரி சரக்கையே திருப்பி அனுப்பிய கண் அது. சும்மா இருக்குமா? ஞாயிறு மறையுரையில் கீறல் தேடியது. நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வருகிறவர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்கத் தரையில் மஞ்சள் கோடு போடவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பங்குத்தந்தை நல்ல மனிதர். லாரியைப்போல ஆளைத் திருப்பி அனுப்ப வழியில்லாததால், அவரை அன்பியத் தலைவர் ஆக்கிவிட்டார்.

அன்பியம் என்பது ஒரு தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி, விவிலியம் வாசித்து, ஜெபம் சொல்லி, சுண்டல் சாப்பிடுகிற ஏற்பாடு. சிலர் ஜெபத்துக்கு வந்து சுண்டல் சாப்பிடுவார்கள். மற்றவர்கள் சுண்டலுக்கு வந்து ஜெபம் சொல்வார்கள். ஆண்டவர் இரண்டு தரப்பையும் ஏற்றுக்கொண்டு வந்தார். ஆரோக்கியநாதன் வந்த பிறகு அங்கே புரொஜெக்டரும் வந்தது.

இப்படிப்பட்டவருக்கு ஓர் அண்ணி இருந்தாள். பெயர் சூசைமேரி. அண்ணன் சவரியப்பன் லேத்துப் பட்டறையில் உழைத்துத் தம்பியைப் பாலிடெக்னிக் வரை படிக்கவைத்தவர். நாலைந்து வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளை கிடையாது. சூசைமேரி அழுது முடித்தாள். பிறகு சிப்காட் சாலையில் ஒரு மெஸ் தொடங்கினாள்.

அந்த மெஸ்ஸுக்குக் கிங்ஸ்டன் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், மனைவி எஸ்லினைப் பறிகொடுத்தவர். முதலில் இட்லிக்கு வந்தார். பிறகு இட்லி தீர்ந்த பிறகும் வந்தார். இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்பதால் ஒளிந்து பார்த்துக்கொள்ளும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் நேராகப் பங்குத்தந்தையிடம் போய்க் கல்யாணம் கேட்டார்கள்.

கோயில் வழக்கப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதுதான் ஓலை. யாரும் எதையும் தெரிவிப்பதில்லை. அறிந்தவர்கள் வெளியே வந்து மரத்தடியில் பேசிக்கொள்வதோடு சரி. ஆனால் முதல் ஓலை வாசித்த அன்றே ஆரோக்கியநாதன் பங்குத்தந்தையின் அறைக்குள் நுழைந்தார்.

"ஃபாதர், இந்தக் கல்யாணத்துல ஒரு டிஃபெக்ட் இருக்குதுங்க."

ஃபாதர் பதறிப்போனார். "என்னப்பா? அவருக்கு வேற குடும்பம் ஏதாச்சும் இருக்குதா?"

"இங்க ஒன்னும் இல்லீங்க. அங்க." ஆரோக்கியநாதனின் விரல் மின்விசிறியைக் காட்டியது. "செத்தவங்கல்லாம் எந்திரிக்கிற உயிர்ப்பு நாள்ல எங்கண்ணன் எந்திரிப்பாரு. அண்ணியும் எந்திரிப்பாங்க. அந்த டிரைவரும் எந்திரிச்சிருவாரு. அப்ப அண்ணி யாருக்குப் பொண்டாட்டி? லூக்கா நற்செய்தியிலயே இந்தக் கேள்வி வருது."

"கேள்வி வருது. அடுத்த வரியில இயேசு பதிலும் சொல்றாரே. அங்க கொள்வினை கொடுப்பினை கிடையாதுன்னு."

"அந்தப் பதில்ல தெளிவு பத்தலீங்க ஃபாதர். நான் அனாலிசிஸ் பண்ணிட்டு வர்ரேன்."

சாவோடு கல்யாண வாக்குறுதி முடிகிறது, திருச்சபைச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்று ஃபாதர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தோடு முடிந்திருக்கவேண்டிய விஷயம். முடியாமல் போனதற்குக் காரணம் சூசைமேரி.

"அவரு போனன்னைக்கு எனக்குன்னு வந்து நின்னது தம்பி ஒருத்தர்தான் ஃபாதர். அவரு மனசு ஒப்பாம நான் பீடத்துக்கு முன்னால நிக்கமாட்டேன்," என்றாள். "அப்பிடி நின்னா நல்லாருக்காது. அவரு ஒப்பலைன்னா இது நடக்கவேண்டாம். விட்டுருங்க."

கிங்ஸ்டன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பல வருடம் பஸ் ஓட்டிய பொறுமை. "சிக்னல் விழட்டும் ஃபாதர். நிப்போம்," என்றார்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்தின வியாழக்கிழமை, அன்பியம் ஆரோக்கியநாதன் வீட்டிலேயே கூடியது. சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. "உயிர்ப்பில் மனைவி யாருக்கு: மூலகாரண ஆய்வு" என்று தலைப்பு. கீழே மீன்முள் வடிவத்தில் ஒரு படம். பழுதான பாகம் எங்கிருந்து பழுதானது என்று தொழிற்சாலையில் போடுவார்களே, அதே மீன். மீனின் தலை இருக்கவேண்டிய இடத்தில் "அண்ணி" என்று எழுதியிருந்தது.

"ஒரு பெண். அவளுக்கு அடுத்தடுத்து ஏழு கணவர்கள். ஏழு பேரும் இறந்துவிட்டார்கள்," என்று ஆரோக்கியநாதன் தொடங்கினார். கூட்டம் என்றால் அவருக்குப் பேச்சு தானாகவே அச்சுத் தமிழுக்கு மாறிவிடும். "கடைசியில் அவளும் இறந்தாள். பிரச்சினை என்ன? உயிர்ப்பில் உரிமைக் குழப்பம். ஏன் குழப்பம்? கணவர்கள் ஏழு. ஏன் ஏழு? ஒவ்வொருவராக இறந்ததால். ஏன் இறந்தார்கள்?"

இங்கே அவர் ஒரு வினாடி நிறுத்தியது தவறு. ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்திருந்த மெஸ் வாடிக்கைக்காரன் வெஸ்லின் கையைத் தூக்கினான்.

"சார், ஒரே வீட்ல ஏழு பேரும் வரிசையா போயிருக்காங்கன்னா, மொதல்ல சாப்பாட்டத்தான் செக் பண்ணோணும்."

எல்லாத் தலையும் மெஸ்காரி பக்கம் திரும்பியது.

"என் கையால சாப்ட்டு ஒருத்தனும் சாவல வெஸ்லினு," என்றாள் சூசைமேரி. "நீயே இத்தன வருசமா உசுரோடத்தான இருக்கற? எல்லாப் பலகாரத்துக்கும் கூட ரெண்டு கரண்டி சட்னி கேட்டுக்கினு."

சிரிப்பு அடங்கட்டும் என்று ஆரோக்கியநாதன் ரிமோட்டைப் பிடித்தபடி காத்திருந்தார். அப்போது வாசல் பக்கமிருந்து இன்னொரு குரல். பக்கத்து வீட்டுச் சரசம்மா. அவர்கள் சாமி வேறு, ஆனாலும் இந்தத் தெருவில் அன்பியத்தைத் தவறவிடாத ஒரே ஆள் அவள்தான். தமிழ் பேசும்போது ஒரு கால் கன்னடத்தில் இருக்கும்.

"ஏன் சார், மொதல்ல புஸ்தகம் ஓதுவீங்களே. அப்புறம் ஆளுக்கொரு வார்த்தை மூணு மூணு தடவை சொல்வீங்களே. இவத்து இல்லவா, இன்னிக்கு இல்லியா? எனக்கு அதுதான் பிடிக்கும்."

அன்பியத்தின் முறை அதுதான். பகுதியை ஒருவர் வாசிப்பார். பிறகு அமைதி. பிறகு ஒவ்வொருவரும் தன் மனதைத் தொட்ட ஒரு வரியை எடுத்து, ஜெபம்போல மூன்று முறை உரக்கச் சொல்லவேண்டும். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அதை இன்று நீக்கியிருப்பதாகவும், பகுதியின் சாரம் திரையிலேயே இருப்பதாகவும் ஆரோக்கியநாதன் விளக்கினார்.

"சாரம் இருக்கட்டும். சக்கையையும் கொஞ்சம் பாப்போம்," என்று அவர் மனைவி ரூபி விவிலியத்தை எடுத்துவிட்டாள்.

வாசித்தாள். உயிர்ப்பே இல்லை என்று சொல்லும் சதுசேயர்கள் இயேசுவை மடக்கப் பார்த்து வருகிறார்கள். ஒருவன் பிள்ளையில்லாமல் இறந்தால் அவனுடைய தம்பி அவன் மனைவியை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று மோசே எழுதிவைத்திருக்கிறாரே, அப்படி ஏழு சகோதரர்கள் இருந்தார்கள் என்று ஆரம்பிக்கிறார்கள். ரூபி அந்த இடத்தில் நின்றாள். விரலை வைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை தனக்குள் வாசித்தாள். அந்த ஏழு பேரும் அண்ணன் தம்பிகள் என்ற விவரத்தை ஆரோக்கியநாதன் ஆய்வுக்குத் தேவையற்றது என்று திரையில் சேர்க்கவில்லை.

மீதியையும் வாசித்து முடித்தாள். அமைதி. முதல் வரி வாசித்தவருடையது.

"தம்பி அவளை ஏற்றுக்கொள்ளவேண்டும்," என்றாள் ரூபி, கண்ணை மூடிக்கொண்டு.

இரண்டாவது தடவை கண்ணைத் திறந்துகொண்டு சொன்னாள். மூன்றாவது தடவை புருஷனைப் பார்த்துச் சொன்னபோது அதில் ஜெபம் சுத்தமாக இல்லை.

"ஏங்க, உங்கண்ணன் புள்ள இல்லாமத்தான போனாரு?"

"ரூபி, அது அந்தக் காலத்துச் சட்டம். அத அப்பிடியே எடுத்துக்கக்கூடாது."

"சட்டம் மட்டும் அந்தக் காலமா? கேள்விய மட்டும் இந்தக் காலத்துக்குக் கொண்டாந்துட்டீங்க? அக்கா, நீங்களே சொல்லுங்க. இவரு வேணுங்களா உங்களுக்கு? வேணும்னா துணிமணியப் பையில போட்டுத் தர்ரேன். பி.பி. மாத்திரை காலையில. கொறட்டைக்கு மாத்திரை கெடையாது, காதுல பஞ்சு வெச்சுக்கோணும்."

"ஐயோ, வேண்டாண்டி ரூபி," என்று சூசைமேரி கும்பிட்டாள். "தம்பியா இருக்கறவரைக்குந்தான் அவரு நல்லவரு."

வெஸ்லின் சீருடைக் காலரைக் கடித்துக்கொண்டு குலுங்கினான். சரசம்மா, இது எல்லாம் ஜெபத்தில் சேர்த்திதான் என்று நினைத்து மரியாதையாகக் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தது சூசைமேரி. "அவள் யாருக்கு மனைவி," என்று மூன்று தடவை சொன்னாள். முறைப்படி அத்தோடு நிறுத்தவேண்டும். அவள் நிறுத்தவில்லை.

"ஏழு பேருக்கு ஒருத்தி சோறு பொங்கிப் போட்டிருக்கறா. செத்த பொறகாச்சும் செத்த நேரம் உக்காரலாம்னு நெனச்சிருப்பா. அங்கயும் வந்து, நீ யாரு வூட்டு அடுப்புல நிக்கப்போறன்னு கேக்கறாங்க. அவளக் கேக்கல, பாருங்க. இயேசுவப் போய்க் கேக்கறாங்க. அவரு நல்லவேளையா, அங்க அடுப்பே இல்லன்னுட்டாரு. எனக்கு அப்பிடித்தான் புரிஞ்சுது தம்பி. தப்பா இருந்தா சொல்லுங்க."

தப்பு இருந்தால் ஆரோக்கியநாதன் சொல்லாமல் விடுகிறவர் அல்ல. ஆனால் முறைப்படி இப்போது அவர் ஒரு வரி சொல்லவேண்டிய நேரம். ரூபி விவிலியத்தை அவர் மடியில் வைத்தாள். அவருடைய விரல் பக்கத்தின் மேலே போயிற்று, கீழே வந்தது. மேலே இருந்ததெல்லாம் கேட்க வந்தவர்களின் பேச்சு. உயிர்ப்பை நம்பாத ஆட்களின் கேள்வியைத்தான் இத்தனை நாளும் சுமந்து, இன்று திரையில் போட்டு, முள் முள்ளாகப் பிரித்துக்கொண்டிருந்தோம் என்பது அந்த விரலுக்கு இப்போதுதான் தெரிந்ததுபோல, கடவுளைப் பற்றிய கடைசி வரியில் போய் நின்றது.

"அவருக்கு எல்லாருமே உயிரோடிருக்கிறார்கள்," என்றார், மேடைக் குரலில்.

"அவருக்கு எல்லாருமே உயிரோடிருக்கிறார்கள்." இந்தத் தடவை குரல் மேடையிலிருந்து இறங்கியிருந்தது.

மூன்றாவது தடவை "எல்லாருமே" வரைக்கும் வந்தது.



"அதில்ல அண்ணி," என்றார் ஆரோக்கியநாதன். அச்சுத் தமிழ் போன இடம் தெரியவில்லை. "எல்லாரும் சோடி சோடியா எந்திரிச்சு வருவாங்க. அண்ணன் மட்டும் அங்க ஒத்தையில நிக்குமே. பஸ் ஸ்டாண்டுல என்ன ஏத்திவுட்டுட்டு நிக்குமே, அது மாதிரி. அதுதான் எனக்கு... வேற ஒன்னுமில்ல."

சூசைமேரி புடவை முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த கிங்ஸ்டன்தான் தொண்டையைச் செருமினார்.

"சாரே, அண்ணன் ஒத்தைக்கி நிக்கமாட்டாரு. எங்க எஸ்லினு அங்க இருக்காளே. அவ யாரையும் ஒத்தைக்கி இருக்க விடமாட்டா. ஆஸ்பத்திரில கெடக்கும்போதே அடுத்த பெட்டுக்காரிக்குத் தலை பின்னிவிட்டவ. அண்ணன் போய் எறங்குன ஒடனே, ஊரு எது, என்ன கறி வச்சீங்கன்னு புடிச்சிருப்பா. இன்னேரம் எங்க ரெண்டு பேரப்பத்தியும் பேசிச் சிரிச்சிட்டு இருப்பாவ."

ஆரோக்கியநாதன் மூக்கை உறிஞ்சினார். முகத்தில் ஓர் ஆறுதல் படர்ந்தது. படர்ந்து முடிவதற்குள் தரக்கட்டுப்பாடு விழித்துக்கொண்டது.

"அவங்க ரெண்டு பேருமா? தனியாவா? அது முறையா?"

"அங்க கல்யாணமே கெடையாதுன்னு இப்பத்தான வாசிச்சேன்?" என்றாள் ரூபி. "பேசிக்கிறதுக்கும் ஓலை வாசிக்கோணுமா? எந்திரிங்க, சுண்டல் ஆறுது."

ஆரோக்கியநாதன் எழுந்தார். சூசைமேரிக்குச் சுண்டல் கிண்ணத்தை அவரே எடுத்துக்கொடுத்தார். அது ஒப்புதலா, வெறும் சுண்டலா என்று தெரியாமல் அவள் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. ஃபாதர் பெயர்களை வாசித்து, தடை ஏதேனும் அறிந்தவர் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆண்கள் பக்கம் ஒருவர் எழுந்து நின்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. கிங்ஸ்டன், எதிரே தவறான பாதையில் லாரி வருவதைப் பார்த்தவர்போல உடம்பை இறுக்கிக்கொண்டார். சூசைமேரி தரையைப் பார்த்தாள்.

"ஃபாதர், நான் ஆரோக்கியநாதன். மணமகளின் கொழுந்தன். என் தரப்பில் தடை எதுவும் இல்லை."

"தடை இல்லாதவங்க உக்காந்தே இருக்கலாம்ப்பா," என்றார் ஃபாதர் ஒலிபெருக்கியில்.

அவர் உட்காரவில்லை.

"எங்கண்ணன் தரப்பிலயும் இல்லீங்க ஃபாதர்."

கோயில் சிரித்தது. சூசைமேரி மட்டும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.