டிரெட்ஜர்ஸ் வரமாட்டார்கள்

உடையப்பனுக்குத் தொண்டை கட்டியது சீனப் பெருநாள் சமயத்தில். ஆகஸ்ட் பிறந்தும் அது திறக்கவில்லை. இஞ்சிச் சாறு, தேன், மிளகுப் பால், சுங்காய்ச் சீன மருந்துக் கடைக்காரர் தந்த கறுப்பு உருண்டை என்று எல்லாம் ஆயிற்று. மழைக்காலம் போனால் சரியாகிவிடும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். பேராக் மாநிலத்தில் மழை எப்போது போயிருக்கிறது என்று அவன் நண்பன் பாஸ்கல் மனசுக்குள் கேட்டுக்கொள்வான்.

அந்த வருடம், எண்பத்தைந்தில், பாஸ்கல் கவலைப்பட வேறு காரணங்களும் இருந்தன. ஈயச் சுரங்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஈப்போவில் அவற்றின் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டராக அவன் இருந்த பட்டறையில் பாதி ஆட்களை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ராத்திரி படுத்தால் அவன் காதில் கேட்டது அந்தக் கம்மிய குரல்தான்.

இருவரும் சுங்காய் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். பாஸ்கல் கித்தார், உடையப்பன் பாட்டு. பிறகு டிரம்ஸுக்கு ஸ்டானிஸ்லாஸ் வந்தான், பேஸ் கித்தாருக்கு ஐயாவு வந்தான். குளத்தில் மிதந்தபடி இரவு பகலாக மண்ணை அள்ளி ஈயம் பிரிக்கும் டிரெட்ஜ் இயந்திரத்தின் இரைச்சல் மாதிரி இருக்கிறது உங்கள் வாசிப்பு என்று யாரோ கிண்டல் செய்ய, அதையே பெயராக்கி 'டிரெட்ஜர்ஸ்' ஆனார்கள். தமிழில் ராக் பாடும் குழு அப்போது அபூர்வம். எழுபத்து நான்கில் தொலைக்காட்சியின் 'வெள்ளி ராகம்' நிகழ்ச்சியில் முதலில் வந்தார்கள். அன்றைக்குத் தோட்டத்து மண்டபத்தில் இருந்த ஒரே பெட்டியின் முன் சனம் முழுக்கக் கூடி, உடையப்பனின் அகலக் கால்சட்டையைப் பார்த்துச் சிரித்து, பாட்டு முடிந்ததும் அழுதது.

அதன் பிறகு மாதம் ஒரு முறை அழைத்தார்கள். பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று. அப்புறம் பொங்கலும் தீபாவளியும். அப்புறம் தீபாவளி மட்டும். போன தீபாவளிக்கு இவர்கள் பாட்டைக் கடைசியில் வைத்து, அதன் மேலேயே நிகழ்ச்சியில் வேலை செய்தவர்களின் பெயர்களை ஓடவிட்டார்கள். உடையப்பனின் முகத்தின் மேல் எழுத்து ஏறிக்கொண்டே போயிற்று. இரண்டாவது சரணம் வருமுன் சத்தம் அடங்கிவிட்டது. பேர்தானே ஓடியது, போகட்டும் என்றான் அவன். ஆனால் அடுத்த சில வாரங்கள் ஒத்திகைக்கு வரவில்லை.

இந்த வருடத் தீபாவளிக்கு ஆகஸ்ட் கடைசியில் ஒளிப்பதிவு என்று முதலில் சொன்னார்கள். பாஸ்கல் குடியிருந்த மாடிக்குக் கீழே கோப்பிக் கடை. அங்கேதான் போன் வரும். கடைக்காரக் கிழவர் படிக்கட்டின் கீழ் நின்று கூப்பிடுவார். கோலாலம்பூரிலிருந்து பேசுகிறவன் ஜெயபாலன், நிகழ்ச்சித் தயாரிப்பில் உதவியாளன், மரியாதையான பையன். ஆகஸ்ட் செப்டம்பர் ஆயிற்று. செப்டம்பர் அக்டோபர் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ஸ்டூடியோ கிடைக்கவில்லை என்றான்.

பாஸ்கலின் மனைவி ஆலிஸ் ஈப்போ பெரியாஸ்பத்திரியில் தாதி. ஏழெட்டு மாதமாகக் குரல் கம்மியிருக்கிறவனைக் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் ஏன் இன்னும் கூட்டிப்போகவில்லை என்று அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பாஸ்கல் அதை உடையப்பனிடம் சொன்னால் அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

ஒத்திகை அந்தப் பழைய தோட்டத்து மண்டபத்தில்தான் நடக்கும். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயங்களில் சில குடும்பங்களே மிச்சம். எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க ஆள் இல்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் உடையப்பனின் குரல் முறிந்தது. இருமிக்கொண்டே வெளியே போனான். வெகுநேரம் ஆகியும் வரவில்லை என்று பாஸ்கல் பின்பக்கம் போய்ப் பார்த்தான். குழாயடியில் குனிந்து கைக்குட்டையை அலசிக்கொண்டிருந்தான் உடையப்பன். தண்ணீர் ரோஸ் நிறத்தில் ஓடியது.

பாஸ்கல் போய்க் குழாயை மூடினான்.

"எத்தனை நாளா மச்சான் இப்படி?"

"மத்தவங்ககிட்ட சொல்லாதே."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம். ஆலிஸ் அங்கதானே இருக்கா."

"டிவி முடியட்டும்லா. மறுநாளே வாரேன். இப்பப் போனா பாடாதேன்னு சொல்லிருவானுங்க. அப்புறம் அங்க போயி யாரு நிக்கிறது?"

பாஸ்கல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையே உடையப்பன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே பாஸ்கல் படிக்கட்டுக்கு வந்துவிடுவான். பதிவுத் தேதியை உறுதி செய்யத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி ஓடுவான். கிழவர் வேறு யாரையோ கூப்பிடுவார். ஆலிஸிடம் ரத்தத்தைப் பற்றிச் சொன்னதும் அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். தாமதமாக வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றாள். டிவி பெரிதா ஆள் பெரிதா என்று கேட்டாள். பாஸ்கலிடம் பதில் இருந்தது. உடையப்பனிடம் அதைச் சொல்லும் தைரியந்தான் இல்லை.

அக்டோபரில் போன் வந்தது. ஜெயபாலனின் குரலில் வழக்கத்தைவிட அதிகமாக மரியாதை.

"தீபாவளி ஷோ நிரம்பிப்போச்சுண்ணே. எனக்கே ரொம்ப சூசாவா, சங்கடமா இருக்கு. ஜனவரியில ரெக்கார்டிங் வச்சுப் பொங்கலுக்குப் பார்க்கலாம். பாடக்கூட வேண்டாம். பழைய ரெக்கார்டைக் கொண்டாங்க, வாயசைச்சாப் போதும்."

ஜனவரி. பாஸ்கலின் கண்ணில் அந்தக் குழாயடித் தண்ணீர்தான் ஓடியது. தள்ளிப்போயிற்று என்று சொன்னால் உடையப்பன் ஜனவரி வரை காத்திருப்பான். ஜனவரியில் மறுபடி தள்ளினால் அதற்கும் காத்திருப்பான். கடையில் மேசை துடைக்கும் சத்தம், சாலையில் பஸ் திரும்பும் சத்தம், எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டன.

"வேண்டாம்லா தம்பி" என்றான். "டிரெட்ஜர்ஸ் இனிமே வரமாட்டாங்க. எங்க பேரை எடுத்துருங்க."

ஏன் என்று அந்தப் பையன் கேட்பான் என்று நினைத்தான். மறுமுனையிலிருந்து சரிண்ணே என்று மட்டும் வந்தது. பாரம் இறங்கியவன் விடுகிற மூச்சும் கேட்டது. அந்த மூச்சு பாஸ்கலை அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் சுங்காய்க்குத் தன் காடியை ஓட்டிக்கொண்டு போனான். உடையப்பன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன். காலைச் சவாரி முடித்து வீட்டில் இருந்தான். அவன் மனைவி மங்களம் தையல் மிஷினில், டிவிக்கென்று ஒரு நீலப் பளபளப்புச் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் பாஸ்கல் ஒரு பொய்யைத் தயார் செய்துவைத்திருந்தான். அவர்களே நம்மை வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சொல்வதாக. அந்தச் சட்டையைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டான்.

"பொங்கலுக்குத் தள்ளிட்டாங்க மச்சான். நான் வரமாட்டோம்னு சொல்லிட்டேன். நம்ம பேரை எடுக்கச் சொல்லிட்டேன்."

உடையப்பன் எழுந்தான். அடிக்கப்போகிறான் என்றே பாஸ்கல் நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்து வருசமா அதுல வந்தது என் மூஞ்சிதான்லா. யாரைக் கேட்டுச் சொன்னே?" அந்தக் கோபத்துக்கு ஈடுகொடுக்கக் குரல் இல்லை. காற்றுதான் வந்தது.

"ரத்தம் வருது உனக்கு."

மிஷின் நின்றது. மங்களத்துக்கு அதுவரை ரத்தத்தைப் பற்றித் தெரியாது. அவள் புருஷனைப் பார்த்தாள், பாஸ்கலைப் பார்த்தாள். அழவில்லை. பாதி தைத்த சட்டையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய், அவனுடைய அடையாள அட்டையையும் ஒரு துண்டையும் எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"குளிச்சிட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

போனார்கள், ஆனால் பாஸ்கலின் காடியில் ஏற உடையப்பன் மறுத்துவிட்டான். பஸ்ஸில் போனார்கள். அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே ஈப்போ வரை பாஸ்கல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். தாப்பாவில் பஸ் நின்றபோது ஜன்னலோரம் இருந்த உடையப்பன் இவனைப் பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சோதனை முடிவு வரும்வரை ஆலிஸின் காலடிச் சத்தம் படியில் கேட்டாலே பாஸ்கல் எழுந்து நிற்பான். கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். குரல் நாணில் கட்டி. புற்றுதான். ஆனால் பரவவில்லை. கோலாலம்பூரில் கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் ஆள் பிழைப்பான். குரல் எப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். பொங்கல்வரை விட்டிருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டியிருந்திருக்குமாம்.

தீபாவளியன்று பாஸ்கல் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனான். சாயங்காலம் வார்டின் கோடியில் இருந்த டிவிப் பெட்டியில் 'வெள்ளி ராகம்' ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பையன்கள் நான்கு பேர், டிரம்ஸுக்குப் பதில் தானாகத் தாளம் போடும் ஒரு கருவி, தோளில் தொங்கும் கீபோர்டு. உடையப்பன் கழுத்துத் தோல் கறுத்து, கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பாஸ்கல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது. உடையப்பன் சைகையால் அவனைக் குனியச் சொன்னான்.

"நீ செஞ்சது சரி" என்றான், மூச்சாலேயே. "ஆனா என்னைக் கேட்டிருக்கணும்."

பாஸ்கல் தலையாட்டினான். அவர்கள் அதைப் பற்றிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

தொலைக்காட்சியிலிருந்து அப்புறம் போன் வரவில்லை. கோப்பிக் கடைக் கிழவர் மட்டும் கொஞ்ச காலம், உன் டிவி ஏன் கூப்பிடவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

சித்திரை பிறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உடையப்பன் தானாகவே மண்டபத்துக்கு வந்தான். ஸ்டானிஸ்லாஸும் ஐயாவும் அவன் முகத்தைப் பார்க்காமல் ஒயர்களை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். பாஸ்கல் உடையப்பனிடம் சொல்லாமல், அவன் குரலுக்கு எட்டும்படி சுருதியை ஒரு கட்டை இறக்கி வைத்திருந்தான். முதல் சுரம் கேட்டதுமே உடையப்பனுக்குப் புரிந்துவிட்டது.

உடையப்பன் மைக்கைப் பிடித்தான். முதல் வரியைப் பாடினான். சரளைக் கல்லில் வண்டி ஏறுகிற மாதிரி ஒரு குரல், பழைய குரலுக்கு உறவே இல்லாத குரல் வந்தது. பாதியில் நிறுத்தி இருமினான். கைக்குட்டையை எடுத்துத் துடைத்து, விரித்துப் பார்த்தான். வெள்ளையாகத்தான் இருந்தது.

"இன்னும் இறக்கு" என்றான் பாஸ்கலிடம்.