புது வேட்டியைப் பழசாக்குவது எப்படி

1

இந்தக் கதையை நான் ஒரு கடையில் கண்டெடுத்தேன். தங்கை மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. கையில் என்ன கொண்டுபோவது என்று கைபேசியைத் துழாவிக்கொண்டிருந்தவன், துவைத்துத் துவைத்துப் போடும் துணி டயப்பர் விற்கிற ஒரு பக்கத்தில் போய் நின்றேன். யானை போட்டது, அன்னாசிப்பழம் போட்டது என்று வகைவகையாக இருந்தன. அடியில், வாங்குகிறவர்கள் சந்தேகம் கேட்கும் இடம். சாயம் போகுமா, பட்டன் குத்துமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் கடைக்காரர் மறுமொழி சொல்லியிருந்தார். ஒரே ஒரு கேள்வியை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். ஒரகடத்திலிருந்து யாரோ கேட்டது:

'எங்க வீட்ல பழைய துணியே இல்ல. புது வேட்டிய எவ்ளோ நாள் துவைச்சா பழசாகும்?'

டயப்பர் விற்கிறவரிடம் கேட்கும் கேள்வியா இது? அவர்தான் என்ன செய்வார், பாவம். நான் கொலுசு வாங்கிக்கொண்டு போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். கேள்வி என்னோடேயே வந்துவிட்டது. ஒரு வீட்டில் பழைய துணியே இல்லாமல் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே சில நாள் இருந்தேன். கேட்டவரை எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: 'ஒரகடம் சந்திப்பில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக' [வேண்டாம். பஸ்ஸுக்கா பிள்ளை பிறக்கப்போகிறது?]

இரண்டாவது தொடக்கம்: 'பச்சிளம் குழந்தையின் தோல் என்பது' [கட்டுரை. இதை நானே படிக்க மாட்டேன்.]

மூன்றாவது: 'ஷெர்லின் வேட்டியைப் பிழிந்து உதறினாள். அது இன்னும் புதிதாகவே இருந்தது.'

இதை வைத்துக்கொள்கிறேன். இவள் யார் என்று சொல்லிவிட்டால் மேலே போகலாம்.

ஷெர்லினுக்கு எட்டாவது மாதம். மணிமங்கலத்துப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் அசெம்ப்ளி லைனில் நின்றவள். அதே லைனில் எதிரே நின்ற இளம்பரிதியை வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். இப்போது பிள்ளைப்பாக்கத்தில் கன்னியம்மா என்கிற அம்மாளின் வீட்டு மாடியில் ஒற்றை அறைக் குடித்தனம். ஷெர்லினின் அம்மா, அவள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துபோனாள். வளர்த்ததெல்லாம் அப்பாதான். அந்த அப்பா கல்யாணத்தன்றிலிருந்து பேசுவதில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் போய்விடக்கூடிய தூரம். ஒருமுறை போனாள். உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை.

(இளம்பரிதிக்கும் ஒரு வீடு உண்டு. அப்பா இல்லை. அம்மா அண்ணனை அண்டி இருக்கிறார், அண்ணன் போட்ட கோட்டைத் தாண்ட மாட்டார். ஒரு குடும்பத்தையே அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். இந்த இருவரையும் முதலில் வெளியே தள்ளியது அவர்கள்தான்.)

3

பிறக்கப்போகும் குழந்தைக்கு அடியில் எதைப் போடுவது? கேட்க எவ்வளவு சின்ன விஷயம். ஷெர்லினுக்கு அது பெரிய தலைவலியாகிவிட்டது.

கடையில் விற்கும் டயப்பரைக் கன்னியம்மா முதல் நாளே தடுத்துவிட்டார். "அந்தக் கண்றாவிலாம் என் வூட்ல வேணாம்மா. அல்லாரும் பக்கத்து மனைல வீசிட்டுப் போறாளுங்க. நாயி இஸ்துகினு வந்து என் வாசல்ல போடுது."

அடுத்து துணி டயப்பர். ஒன்றே ஒன்று வரவழைத்துப் பார்த்தாள். வெளியே யானை நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செருகும் பட்டையைத் தொட்டதும் கை தானாகப் பின்வாங்கியது. லைனில் செல்போன் கண்ணாடியைத் துடைக்கக் கொடுப்பார்களே, மெத்து மெத்தென்று, அதே துணி.

"இதால நான் போன் தொடச்சிகினு இருந்தேன், பரிதி."

"நல்லதுதான. புள்ள பளபளன்னு வரும்," என்றான் இளம்பரிதி.

அவள் சிரிக்கவில்லை. கன்னியம்மா அந்த டயப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கா துட்டு குடுத்த? பொறந்த கொழந்தைக்குப் புதுசே ஆவாதும்மா. நல்லா நைஞ்ச வேட்டியக் கிழிச்சி, முக்கோணமா மடிச்சிக் கட்டு. ஈரமானா அலசிப் போடு. உங்க வூட்ல பெரியவங்க கட்னது நாலு குடுத்தனுப்பச் சொல்லேன்."

ஷெர்லின் மேலே வந்து அலமாரியைத் திறந்தாள். ஜீன்ஸ் இருந்தது. கம்பெனி கொடுத்த டீ-ஷர்ட் இருந்தது. வழுவழுவென்று சுடிதார்கள் இருந்தன. வீட்டைவிட்டு வரும்போது ஆளுக்கொரு பையோடு வந்தவர்கள், எடுத்து வந்ததெல்லாம் நல்ல துணி. பழசை யார் எடுத்து வருவார்கள்? பழைய துணி கடையில் கிடைப்பதில்லை. அது ஒரு வீட்டில் தானாகச் சேர வேண்டும், சேர்வதற்கு அந்த வீட்டில் வயதான ஆட்கள் இருக்க வேண்டும். அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றபோதுதான், தனக்கு யாருமில்லை என்பது அவளுக்கு முழுசாக உறைத்தது.

கன்னியம்மாவின் பெட்டியில் வேட்டிகள் இருந்தன. இறந்துபோன கணவருடையவை. கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: "போய்ச் சேந்தவரு துணி பச்சக் கொழந்தைக்கு ஆவாது தாயி. இல்லன்னா குடுக்க மாட்டனா?"

அதனால் ஷெர்லின் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் ஒரு புது வேட்டி வாங்கி வந்தாள். ஊற வைத்தாள். துவைத்தாள். மொட்டைமாடியில் காயப்போட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சொரசொரத்தது. அன்றைக்குத்தான் அந்தக் கேள்வியை அடித்தாள்.

4

இளம்பரிதிக்கு ஒரு யோசனை வந்தது. துவைத்தால் மட்டும் பழசாகாது, கட்ட வேண்டும் என்றான். பிறந்ததிலிருந்து வேட்டி கட்டியறியாதவன், நைட் ஷிப்ட் முடிந்து வந்து, பட்டப்பகலில் அதைக் கட்டிக்கொண்டு படுத்தான். புரண்டால் அவிழ்ந்தது. மேலே பெல்ட் போட்டான். பெல்ட்டோடு தூங்குகிற அவனைப் பார்த்துக்கொண்டு ஷெர்லின் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லாததால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

எழுந்ததும் அவிழ்த்துக் கொடுப்பான், துவைப்பாள். மறுபடி கட்டுவான், மறுபடி துவைப்பாள். கஞ்சி வாடை மட்டும் போகவே இல்லை.*

* இந்தப் பகுதியை நானும் அப்படித்தான் திரும்பத் திரும்ப எழுதினேன். எனக்கும் போகவில்லை.

5

இங்கே ஷெர்லினின் அப்பாவைக் கொண்டுவந்தாக வேண்டும். பெயர் சின்னப்பன். முதலில் அவரை, நிலத்தை விற்றுவிட்டு அதே நிலத்தில் [அடித்துவிட்டேன். அவருக்கு எங்கே நிலம்?] கொத்தனாராக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து முதுகு போனபிறகு ஒரு ஏஜென்சி மூலமாகச் செக்யூரிட்டி வேலைக்கு வந்தார். வேலை பார்ப்பது, இளம்பரிதி வேலை செய்யும் கம்பெனி கேட்டில்.

படித்துப் பார்த்த நண்பர் இந்த இடத்தில் உதட்டைப் பிதுக்கினார். "அதெப்படிங்க, சரியா அதே கேட்டு?" என்றார். நானும் அவரை வேறு கேட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. மகளை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவர்தான் என்று வைத்துக்கொண்டேன். மகளும் அங்கே, மாப்பிள்ளையும் அங்கே, அவரும் அங்கே. இந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்காரர்கள் ஒரே கேட்டுக்குள் நுழைவது அதிசயமில்லை.

ஷிப்ட் விட்டால் யாரும் அப்படியே வெளியே போய்விட முடியாது. ஒரு திருகாணிகூட வெளியே போகக்கூடாது என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். ஆண்கள் வரிசையில் சின்னப்பன் நிற்பார். இளம்பரிதி வந்தாலும் அதேதான். தோள், கக்கம், இடுப்பு, கால். பிறகு மேசைமேல் பையைத் திறந்து கையை விட்டுத் துழாவுவார். மூடுவார். "அடுத்து," என்பார். மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

"இன்னிக்கும் உங்கப்பாதான் செக்கிங்," என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். "நம்ம மேல கோவம் இருந்தாலும், ஒரு நாளு தவறாம என்னத் தொட்டுட்டுதான் வெளிய வுடறாரு."

ஷெர்லின் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "கை இன்னும் சொரசொரப்பாதான் கீதா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் யாரு பாத்தா. சட்டை மேலதான தடவறாரு."

பொறாமையாக இருந்தது அவளுக்கு. தாலி கட்டியவன்மேல் வரக்கூடாத பொறாமைதான், ஆனால் வந்தது. அன்று இரவு, அவன் கழற்றிப் போட்ட சட்டையின் தோளில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

6

அந்த வாரம் அவனுக்குப் பகல் ஷிப்ட். மறுநாள் காலை லஞ்ச் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வேட்டியை மடித்து வைத்தாள்.

"இது இன்னாத்துக்கு?"

"அப்பா பைய தொறப்பாரு இல்ல? அப்ப சொல்லு. 'கட்டிப் பழசாக்கிக் குடுங்க, கொழந்தைக்கு'ன்னு சொல்லு. வேற ஒன்னும் பேசாத."

"நான்தான் தெனமும் கட்டிக்கினு கீறனே?"

"நீ கட்னா ஆவாது, பரிதி. அவுரு கட்னாத்தான் அது பழசு."

இளம்பரிதி பையைப் பார்த்தான். "மேல கேமரா கீது, ஷெர்லி. ஒருத்தன் பைலேந்து செக்யூரிட்டி எதையாச்சும் எடுத்து வச்சிக்கினா அவ்ளோதான், சீட்டு கிழிஞ்சிடும். ஏஜென்சிக்காரன் ஒரு வார்த்த கேக்க மாட்டான்."

அவளுக்கும் அது தெரியும். தெரிந்தேதான் வைத்தாள். எடுத்தால் அவர் வேலை போகலாம். எடுக்காவிட்டால், பிறக்கப்போவதற்கும் தாத்தா கிடையாது. இரண்டில் எது நடந்தாலும் அதைச் செய்தவள் அவள்தான். பை ஜிப்பை அவளே மூடிக் கையில் கொடுத்தாள்.

7

நியாயமாகப் பார்த்தால் நான் இப்போது கேட்டுக்குப் போயிருக்க வேண்டும். போனேன். மூன்று தடவை.

முதல் முடிவு: சின்னப்பன் வேட்டியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிறார். [பின்னால் முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. மனுஷன் எப்படி அழுவார்?]

இரண்டாவது முடிவு: கை வேட்டியில் படுகிறது. இளம்பரிதி சொல்கிறான். அவர் ஜிப்பை மூடுகிறார். "அடுத்து." [நடக்கக்கூடியது இதுதான். எழுதிவிட்டு அந்த மாடியறையை நினைத்துப் பார்த்தேன். அங்கே இதை யார் போய்ச் சொல்வது? எனக்குத் தைரியமில்லை.]

மூன்றாவது முடிவு: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, பழைய வேட்டிகளை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு சின்னப்பன் பிள்ளைப்பாக்கத்தில் வந்து இறங்குகிறார். கன்னியம்மா டீ போடுகிறார். [உங்களுக்கு இதுதான் வேண்டும் என்று தெரியும். எனக்கும் இதுதான் வேண்டியிருந்தது. ஆசை ஆசையாக எழுதினேன். காலையில் படித்தால் ஒரே கஞ்சி வாடை.]

பிறகுதான் என் தப்பு பிடிபட்டது. கேட்டில் எனக்கு என்ன வேலை? இது ஷெர்லினின் கதை. அவள் அங்கே இல்லை. அங்கே நடப்பது எதையும் அவளால் பார்க்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் அவளுக்கு விதித்தது. நானும் அவளோடு இருப்பதுதான் முறை.

8

அன்று அவளுக்குத் துவைக்க ஒன்றுமில்லை. கொடி காலியாகக் கிடந்தது. குளித்தாள், தலை காய வைத்தாள், சமைத்தாள், யானை போட்ட அந்த ஒற்றை டயப்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். குழந்தை உள்ளே உதைத்தது. "இரு," என்றாள் அதனிடம். பகல் முழுக்க அவள் பேசியது அந்த ஒரு சொல்தான்.

வெயில் தாழ்ந்தபோது தெருமுனையில் கம்பெனி பஸ் நின்றது. மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இளம்பரிதி இறங்கி வந்தான், தோளில் பை. அவன் முகம் குனிந்திருந்தது. வேலை விட்டு வருகிற எல்லோரின் முகமும் அப்படித்தான் இருக்கும். பை உப்பித் தெரிந்தது. டிபன் பாக்ஸ் இருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

அவள் அறைக்குள் வந்து நின்றாள். அவன் படியேறி வந்து பையை வாசலுக்கு உள்ளே வைத்தான்.

"ஷெர்லி, உங்கப்பா..."

"சொல்லாத. போய்க் கால் கழுவிக்கினு வா."

அவன் போனான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அறையில் இப்போது அவளும் பையும் மட்டும்.

காலி டிபன் பாக்ஸோடு அந்தப் பை எவ்வளவு கனக்கும் என்று ஷெர்லினின் கைக்குத் தெரியும். தினமும் கழுவ எடுத்துப்போகிறவள் அவள். அந்த வேட்டி நனைந்தால் எவ்வளவு, காய்ந்தால் எவ்வளவு என்பதும் தெரியும். அதனால் அவள் ஜிப்பைத் திறக்கவில்லை. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். மறு கையால் பையின் வாரைப் பிடித்தாள்.

தூக்கினாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கும் தெரிந்துவிடும். ஆனால் அவள் என் பக்கம் திரும்பவில்லை, சுவரைப் பார்த்தபடி பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். போய் முன்னால் நின்று பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் போங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. போகும்போது கொஞ்சம் சத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள், அந்த வீட்டுக்கு ஆள் வந்து வெகுநாள் ஆகிறது.