சீற் இல்லாத மோட்டார் சைக்கிள்

காத்தான்குடியில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்திவிட்டால் போகிறவர் வருகிறவர் எல்லாரும் "எத்தனை சிசி?" என்று கேட்பார்கள். பாறூக் நானாவின் கடை வாசலில் நின்ற வெள்ளை மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. "சீற்ற ஆர் நானா கழட்டிக்கொண்டு போன?" என்றுதான் கேட்டார்கள். யாரும் கழற்றவில்லை. அது பிறந்ததே அப்படித்தான். சீற் இருக்கவேண்டிய இடத்தில் கையகலத்தில் ஒரு தகடு. அதில் ஒரு கோழி குந்தலாம், மனிசர் குந்த முடியாது.

பக்கத்தில் சிவப்பு ஒன்று நின்றது. அது வயதானது, ஆனால் அதற்குக் கறுப்பு றெக்சீன் போட்ட மெத்தென்ற சீற் இருந்தது. பாறூக் நானா கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும்போது இரண்டையும் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஏச்சுத்தான். பாறையில் ஏறுகிற ட்ரயல் மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு காத்தான்குடியில் என்ன செய்வது? ஊரில் மருந்துக்குக்கூட ஒரு பாறை கிடையாது.

ஆகவே லொறெய்ன் தன் புருசன் ரொபினோடு கடைக்குள் நுழைந்தபோது நானாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

லொறெய்ன் மட்டக்களப்பு டவுனில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவள். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். வானுக்குள் சத்தம் போடும் முழுப் பட்டாளத்தையும் ஒரு பார்வையில் அடக்கிவிடுவாள். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் பைத்தியம் புதிதில்லை என்பார்கள், ஆனால் பெண்பிள்ளைகளில் அந்தப் பைத்தியம் பிடித்தது அவளுக்குத்தான். அவளும் பெரியப்பா மகன் எறோலும் யுத்தம் முடிந்த கையோடு ட்ரயல் ஓடப் பழகினார்கள். ட்ரயல் என்பது ஓட்டப் பந்தயம் இல்லை. வேகத்துக்கு அங்கே வேலையே கிடையாது. பாறையோ வேரோ நீரோடையோ, குறித்துவைத்த வழியால் ஏறிப்போக வேண்டும், கால் நிலத்தில் படக்கூடாது. ஒருமுறை பட்டால் ஒரு குற்றம், விழுந்தால் ஐந்து. குற்றமே இல்லாமல் ஏறுகிறவர்தான் கெட்டிக்காரர்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன்பு கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள முதலைப்பாறையில் லொறெய்ன் விழுந்தாள். இடது கால் எலும்பு முறிந்தது. அப்போது மண்முனைப் பாலம் கட்டியிருக்கவில்லை. வாகனங்களை ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை ஒன்று இருந்தது, ஊரில் அதற்குப் பாதை என்று பெயர். அந்தப் பாதையில் அவளைக் கிடத்தி, அப்போது அவளைக் கட்டப்போகிறவனாக இருந்த ரொபின் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்தான். காலுக்குள் தகடு வைத்தார்கள். ட்ரயலும் அதோடு போயிற்று.

இந்த வருடம் எறோல் மறுபடி ட்ரயலுக்கு ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினான். ஞாயிறு மதியச் சாப்பாட்டில் அதைப் பற்றிச் சொன்னபோது, லொறெய்ன் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு "நானும் வாறன்" என்றாள். ரொபின் கறியைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"தங்கச்சி, சிவப்ப எடுங்க" என்றார் பாறூக் நானா. "இண்டைக்குப் பின்னேரம் கல்முனையிலிருந்து ஒரு டாக்டர் வாறார். ஒண்டு வேணுமாம், எதெண்டாலும் சரியாம். வெள்ளைய அவர்ட தலையில கட்டிப்போடுவம்."

லொறெய்னுக்கும் சிவப்புத்தான் பிடித்திருந்தது. அவள் முன்பு ஓட்டியது கிட்டத்தட்ட அதே மாதிரி. ஏறிக் குந்தியபோது உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டது. இரண்டு காலும் நிலத்தில் நன்றாகப் பட்டன. அப்பாடா என்றிருந்தது. "இதுதான்" என்று சொல்ல வாயெடுத்தவள், காலை நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது மோட்டார் சைக்கிள் மட்டுமில்லை. அந்த இடது கால் இன்னும் தன் சொல்லைக் கேட்குமா என்று தெரிய வேண்டும். கேட்காவிட்டால் சிவப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம், வானே போதும் என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தாள். அதை ரொபினிடம்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டையும் முதலைப்பாறைக்குக் கொண்டுபோய் ஓடிப் பார்க்கட்டா நானா?"

"தாராளமா. நானும் வாறன். இவ்வளவு தூரம் கொண்டுவந்த சாமான், பாறையில ஏறுறத நானும் ஒருக்காப் பார்க்க வேணாமா?"

எறோலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, இரண்டையும் பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். ஆரையம்பதியில் திரும்பி, மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தார்கள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. பாலத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை ரொபின் வாவிப் பக்கம் திரும்பவேயில்லை.

முதலைப்பாறை அறுவடை முடிந்த வயல் வட்டையின் ஓரத்தில் கிடக்கிறது. முதலில் வற்றிப்போன நீரோடை, உருண்டைக் கற்கள் நிறைந்தது. பிறகு முழங்கால் உயரத்தில் ஒரு படிக்கல். அதில் ஏறினால் சூரைப் பற்றையோரம் ஒரு குறுகிய வளைவு. வளைவில் திரும்பினால்தான் பாறையின் முதுகு, அதால் நேரே உச்சிக்குப் போகலாம். லொறெய்ன் விழுந்தது அந்த வளைவில்.

எறோல் ஏற்கெனவே வந்து பாறையடியில் தொப்பியோடு நின்றான். பருமன் கூடிவிட்டது, குரல் மட்டும் பழையபடி. "சிவப்புத்தானே? நல்லது. பழகின மாடு" என்றான். நடுவராக நின்று குற்றங்களை விரலால் காட்டுவது அவன் வேலை.

லொறெய்ன் சிவப்பை மிதித்து ஸ்டார்ட் பண்ணினாள். நீரோடையில் நாலு கல் தாண்டவில்லை, இடது கால் இறங்கித் தரையைத் தொட்டது. திரும்பவும் தொட்டது. படிக்கல்லில் மூன்றாம் தரம்.

"எழும்பி நில்லு லொறெய்ன்! குந்தாத! குந்தி ஓட்டுறதுக்கு இதென்ன உன்ட வானா?"

அவள் எழும்பித்தான் நின்றாள். ஆனால் மோட்டார் சைக்கிள் கொஞ்சம் ஆடினால் போதும், உடம்பு சீற்றைத் தேடிப் போய்க் குந்தியது. குந்தினவுடனே கால் சும்மா இருக்குமா? அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி வெளியே ஓடியது. இரண்டாம் முறை வளைவுவரை போய், அங்கே கிளச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மூன்றாம் முறை படிக்கல்லிலேயே சரிந்தாள். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் எறோல் ஐந்து விரலையும் விரித்துக் காட்டியபோது, விரல் ஒவ்வொன்றும் நெஞ்சில் குத்தியது.

"அந்தக் கால் உன்னட்டக் கேக்காமலே இறங்குதுகா" என்றான் எறோல், குரலைத் தாழ்த்தி. அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

லொறெய்னுக்கு அழுகை வந்தது. தூசியைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தன் காலோடு அவளுக்கு அவ்வளவு கோபம். பதின்மூன்று வருடம் சோறு போட்டு வளர்த்த கால், இன்றைக்கு ஊர்முன் இப்படிக் கவிழ்த்துவிட்டதே.

"போதும். ரெண்டையும் ஏத்துங்க, வீட்ட போவம்" என்றாள்.

"வெள்ளைய ஓடிப் பார்க்கல்லயே தங்கச்சி?"

"சீற் இருக்கிறதிலயே இந்தக் கூத்து நானா. அதில ஏறினா என்னை அள்ளித்தான் எடுக்கணும்."

ரொபின் உடனே சிவப்பைத் தள்ளிக்கொண்டு போய் லொறியில் ஏற்றிக் கட்டத் தொடங்கினான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்க்க லொறெய்னுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

வெள்ளை மோட்டார் சைக்கிள் நீரோடைக்கு அந்தப் பக்கம் பாலை மரநிழலில் நின்றது. லொறி இந்தப் பக்கம். வெயிலில் அதைக் கற்களுக்கு மேலால் தள்ளிக்கொண்டு வர அவளுக்குத் தெம்பில்லை. ஓட்டிக்கொண்டே வந்துவிடலாம் என்று ஸ்டார்ட் பண்ணி ஏறினாள். உடம்பெல்லாம் வலி. எங்கேயாவது குந்தினால் போதுமென்றிருந்தது. குந்தப் போனாள், அங்கே ஒன்றுமில்லை. அந்தத் தகடு தொடைக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. மனதுக்குள் மோட்டார் சைக்கிளைச் செய்தவனுக்கும் கொண்டுவந்தவருக்கும் நல்ல ஏச்சு ஏசிக்கொண்டு, வேறு வழியில்லாமல் இரண்டு கால்மிதியிலும் நின்றபடி ஓடையைக் கடந்தாள். கல் உருண்டது, முன்சக்கரம் நழுவியது, அவள் முழங்காலை மடக்கிக் கொடுத்தாள், சக்கரம் நிமிர்ந்தது. லொறிக்கு அருகில் வந்து பிரேக்கைப் பிடித்தாள்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஓடை முழுவதும் கடந்து வந்திருக்கிறாள். கால் இறங்கவில்லை.

யாரும் கவனிக்கவில்லை. எறோல் போத்தல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். பாறூக் நானா ரொபினுக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். லொறெய்ன் குனிந்து காலைப் பார்த்தாள். மிதியில் அமைதியாக நின்றது. எப்படி இறங்கும்? உடம்பு முழுவதையும் அதுதானே தாங்கிக்கொண்டு நிற்கிறது. குந்த இடமிருந்தால் காலுக்கு வேலையில்லை, வேலையில்லாத கால் பயந்து ஊர் சுற்றும். இங்கே அதற்குப் பயப்பட நேரமில்லை.

அவள் மோட்டார் சைக்கிளைப் பாறைப் பக்கம் திருப்பினாள்.

"எங்ககா போறாய்?" என்றான் எறோல், போத்தலும் கையுமாக.

"விரலப் பத்திரமா வச்சிக்க, எறோல்!"

ஓடை கடந்தது. படிக்கல்லில் முன்சக்கரம் மோதி எழும்ப, அவள் முழங்காலை நீட்டி உடம்பை முன்னே கொடுத்தாள், பின்சக்கரம் தானாக ஏறி வந்தது. பிறகு வளைவு. சூரை முள் தோளைப் பிறாண்டியது. மோட்டார் சைக்கிள் அந்தக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய நின்றே போயிற்று. இடது காலுக்குள் அந்தத் தகடு இருக்கிற இடம் சுள்ளென்றது. கால் போகத்தான் பார்த்தது. 'நீ போனா நான் எதில நிக்கிற?' என்று அவள் காலோடு சத்தமாகவே கதைத்தாள். போகவிடாமல், தன் பாரம் முழுவதையும் அதே காலில் இறக்கி மிதியை அழுத்தினாள். மோட்டார் சைக்கிள் அவள் சொன்ன பக்கம் சரிந்து திரும்பியது. எதிரே பாறையின் முதுகு. கொஞ்சம் பெற்றோல் கொடுத்தாள், அது ஒரே மூச்சில் அவளை உச்சியில் கொண்டுபோய் நிறுத்தியது.

உச்சியில் நின்று அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. வட்டையில் மேய்ந்துகொண்டிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அண்மையில் எதிலும் வந்ததில்லை.

கீழே எறோல் கையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். மடக்கின கை என்றால் குற்றமே இல்லை. "ஒண்டுமில்லகா! ஒரு விரலும் இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "மாஷா அல்லாஹ்! இந்தக் கோழி குந்துற சாமானிலயா!" என்றார் பாறூக் நானா, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

ரொபின் மட்டும் லொறிக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

லொறெய்ன் பாறையின் மறுபக்கத்தால் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"கண்டீங்களா ரொபின்?"

"ஓம். கண்டன்."

"பொய். முதுகிலயா உங்களுக்குக் கண் கிடக்கு?"

ரொபின் கயிற்றை விட்டுவிட்டான். "என்னால ஏலாது லொறெய்ன். அண்டைக்கு நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டன். பார்த்துக்கொண்டு நிக்கத்தான் நீ விழுந்தாய். பாதையில உன்ட கால் என்ட மடியில கிடந்து நடுங்கின நடுக்கம் இன்னும் என்ட கையில கிடக்கு. நீ ஓடு. வேணாமெண்டு ஒருநாளும் சொல்ல மாட்டன். பார்க்க மட்டும் சொல்லாத."

இவ்வளவு காலமும் அந்தப் பயம் தன்னுடையது மட்டும்தான் என்று லொறெய்ன் நினைத்திருந்தாள். வீட்டில் இரண்டு பேர் அதை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

"நானா, சிவப்ப டாக்டருக்குக் குடுங்க" என்றாள். "இது என்ட." பிறகு ரொபினைப் பார்த்தாள். "வாங்க. அந்த வளைவுக்குப் பக்கத்தில வந்து நில்லுங்க. கண்ண மூடக்கூடாது."

அவன் வந்து நின்றான், முகம் வெளுத்துப்போய். லொறெய்ன் ஓடையைக் கடந்தாள், படிக்கல்லில் ஏறினாள். வளைவுக்கு வந்ததும் திரும்பாமல், அவனுக்கு எட்டுகிற தூரத்தில் மோட்டார் சைக்கிளை அப்படியே நிறுத்தினாள். இயந்திரம் துடித்துக்கொண்டிருக்க, இரண்டு காலும் மிதியில் இருக்க, ஹாண்டிலை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தபடி நின்றாள். ரொபினின் கை தன்பாட்டில் அவளைப் பிடிக்க நீண்டது.

"தொடாதீங்க. பாருங்க" என்றாள்.

அவன் கையை மடக்கிக்கொண்டான். அவள் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது காலை ஊன்றி அழுத்தித் திரும்பி, பாறையின் முதுகால் உச்சிக்கு ஏறிப் போனாள்.

எறோல் கையைத் தூக்குவதற்கு முன்னமே ரொபின் கத்திவிட்டான். "படல்ல! நான் பார்த்தன்! கால் படவேயில்ல!"